நீ எந்த உலகத்தில் செத்தாய், மாப்ளே?

என் உயிருக்கு உயிரான மாப்ளே, மெயினருவியையே விசிலால் ஆண்ட ஏட்டு குத்தாலிங்கமே,

நீ போய் ஒரு வருஷமும் ஆறு நாளும் ஆகிறது. தலைத் திவசம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அருவிக்கரையில் உன் மகள் கோமதியே எள்ளும் தண்ணீரும் விட்டாள். ஐயர் “பொம்பளப் பிள்ளையா?” என்று இழுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மந்திரம் மடமடவென்று வந்தது. நான் பார்த்த பார்வையில் அருவியே ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் விழுந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. நீ நின்ற இடத்தில் இப்போது ஒரு புதுப் போலீஸ்காரர் நிற்கிறார். விசில் ஊதுகிறார், ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஏறும்போது நீ ஊதினால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவன் எண்ணெயோடு ஓடுவானே, அந்த ஊதல் இவருக்கு வரவில்லை.

ஆனால் நான் எழுதுவது சாரலைப் பற்றிச் சொல்ல அல்ல. உன் மகள் என்னைப் பிடித்துவிட்டாள் மாப்ளே. ஒரு வருஷமாக அவள் ஒரே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தாள்: சாகும்போது அப்பா என்மேல் கோபமாகத்தான் இருந்தாரா? அதற்கு நான் சொல்லியிருந்த பதில் திவசத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு பல்லை இளித்துவிட்டது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். எனக்கென்ன பயம்?

எல்லாவற்றுக்கும் காரணம் நீயும் கோமதியும் விழுந்து விழுந்து பார்த்த சீரியலில் வரும் அந்தச் செம்புக்கையன். அவனுக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத ஏதோ பெயர். வலது கை முழுக்கச் செம்பாக இருப்பதால் நான் வைத்த பெயர்தான் நம் வீட்டில் நிலைத்தது. அவன் ஒரு சீசன் முழுக்க “உலகத்தைக் காப்பாற்றுவேன்” என்று கத்தினான். அடுத்த சீசனில் பார்த்தால் எந்த உலகம் என்று அவனுக்கே தெரியவில்லை. கணக்கில்லாத உலகமாம். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக்கையனாம். ஒன்றில் இடது கை செம்பு, ஒன்றில் அவன் பல் டாக்டர், இன்னொன்றில் அவன் பொம்பளை. கதை தீர்ந்துபோனவன் செய்கிற வேலை இது என்று அன்றைக்கே சொன்னேன். நீ கேட்டாயா?

ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்குப் பாடம் நடத்தினாயே, நினைவிருக்கிறதா? மழைக்கோட்டுக்குள் இருந்து கையை நீட்டிக் காட்டினாய்.

“ஏலே சுப்பையா, மேல பாரு. ஒரே தண்ணிதான். பாறையில தட்டி அஞ்சாப் பிரிஞ்சு விழுது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மாதிரி இருக்கு, ஆனா ஒரே தண்ணி. இதாம்லே மல்டிவர்ஸ்.”

“சரிவே. பிரிஞ்சு எங்க போவுது? கீழ ஒரே கெடங்குதானே? மொத கிளையில குளிச்சவன் ஜட்டி அஞ்சாவது கிளைக்காரனுக்கு மாறியிருக்கா? ஆணு குளிக்கிற பக்கம் போயி பொம்பளையா வெளிய வந்தவன் உண்டா?”

நீ யாரையோ பார்த்து விசில் ஊதினாய். அங்கே யாருமே இல்லை. விஞ்ஞானத்தில் என்னிடம் தோற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அடுத்தது காலப்பயணம். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு, அதுவும் அரையாண்டு வரைக்கும்தான். ஆனால் காலப்பயணத்தில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் போதும். மலையாளத்துக் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் குறைந்துவிடும். கொல்லம் ஆண்டு! லோடை இறக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தென்காசி வந்தால் அந்த எண்ணூறு வருஷமும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். நீல வெளிச்சம் இல்லை, புகை இல்லை, மிஷின் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை போய் வருகிறேன். அந்தச் செம்புக்கையன் காலத்தில் பின்னால் போனதும் முதல் வேலையாகத் தன் தாத்தாவைக் கொல்லலாமா வேண்டாமா என்று நிற்கிறான். எனக்கு ஒரு நாளாவது அப்படித் தோன்றியதுண்டா? தோன்றினாலும் லோடு அழுகிவிடாதா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். செத்தவனைத் திரும்பக் கொண்டுவருகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது சீசனில் செத்துப்போன அவன் கூட்டாளி நாலாவது சீசனில் வேறு உலகத்திலிருந்து கதவைத் திறந்துகொண்டு வருகிறான். செத்தவன் பெண்டாட்டி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். அவன் “நான் அவன் இல்லை, அவன் மாதிரி” என்கிறான். அட நாறப் பயலே! அப்படியானால் பதினாறாம் நாள் போட்ட சாப்பாடு? தலையில் உருமா கட்டினது? ரேஷன் கார்டில் பெயர் எடுத்தோமே, அதைத் திரும்பச் சேர்க்க எந்த ஆபீசில் மனுக் கொடுப்பான்? “இவர் இறந்தவரைப் போன்றவர்” என்று எந்த விஏஓ கையெழுத்துப் போடுவார்? ஒரு சாவை ஒழுங்காக எடுத்து நடத்தத் தெரியாத பயல்கள் கதை சொல்ல வந்துவிட்டார்கள்.

நான் இப்படிக் கேட்கும்போதெல்லாம் நீயும் கோமதியும் சேர்ந்துகொண்டு சிரிப்பீர்கள். அவள் சென்னையில் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அங்கே, நீ குத்துக்கல்வலசை வீட்டில். போனைக் காதில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் பிளேயை அமுக்குவீர்கள். நடுவில் நான் வந்து பேசினால் “மாமாவ வெளிய அனுப்புங்கப்பா” என்று போனிலிருந்தே குரல் வரும். நூறு கல்யாணத்தில் மாலை வாங்கிய தாய்மாமனுக்கு இதுதான் மரியாதை.

பிறகு அந்தச் சண்டை. கடைசி ரெண்டு பாகத்தை அவள் ஹாஸ்டலில் கூட்டுக்காரிகளோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை போனில் வாய் தவறி “முடிவ இப்பிடி வைப்பானுவன்னு நெனைக்கலப்பா” என்றாள். நான் அப்போது உன் பக்கத்தில்தான் இருந்தேன். உன் மூஞ்சி செத்துப்போனது.

“பாத்துட்டியா? எனக்காவ ஒரு வாரம் பொறுக்க முடியல? சரி, நீயே பாத்துக்க. நான் இனி அந்த எழவையே பாக்க மாட்டேன்.”

போனை வைத்துவிட்டாய். அவள் எட்டுத் தடவை கூப்பிட்டாள், நீ எடுக்கவில்லை. அறுபதை நெருங்கும் ஏட்டையா ஒரு செம்புக்கைக்காக மகளோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்தார் என்று சொன்னால் எவன் நம்புவான்? மூன்றாம் நாள் காலையில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. நான்தான் குட்டியானையில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். கோமதி சென்னையிலிருந்து கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “மாமா, அப்பா கடைசியா என்ன சொன்னாவ? எம்மேல கோவமாத்தான் இருந்தாவளா?” நான் என்ன செய்வேன்? “உம்பேரச் சொல்லி, எந் தங்கம், எனக்குக் கோவமே இல்லன்னு சொன்னாருட்டி. கண்ணுல தண்ணி தாரை தாரையா வந்துச்சி” என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? என் தங்கச்சி செண்பகம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம், “செண்பகம், செண்பகம்னு ரெண்டு தரம் சொல்லிட்டு மூணாவது தரம் சொல்ல வாயெடுத்தாரு, அதுக்குள்ள உயிரு போயிட்டு” என்றேன். அச்சன்புதூரிலிருந்து உன் அண்ணாச்சி வந்தார். அவரைச் சும்மா அனுப்பலாமா? “குலசாமி கோயிலுக்குச் சுத்துச்சுவரு கட்டணும்னு எங்கண்ணங்கிட்ட சொல்லு” என்று நீ சொன்னதாகச் சொன்னேன். துக்க வீட்டில் ஒவ்வொருவருக்கும் கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் அல்லவா? காப்பி கொடுக்கிறோம், நான் வார்த்தை கொடுத்தேன். நான் சொன்ன விதத்தில் எனக்கே அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது. திவசச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது செண்பகம்தான் ஆரம்பித்தாள்.

“கடைசில எம்பேரச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாவளாம். அண்ணன் சொல்லிச்சி.”

அண்ணாச்சி வெற்றிலையை அப்படியே கன்னத்தில் ஒதுக்கினார். “அப்பிடியா? சுவரு கட்டணும்னு சொல்லிட்டு உடனே தல சாஞ்சிட்டுன்னுலா எங்கிட்ட சொன்னான்? ஏலே சுப்பையா?”

கோமதி எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினக்காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள், பேனாவை எடுத்தாள், பின்பக்கத்தில் ஒரு நேர்கோடு போட்டாள். அந்தச் சீரியலுக்கு அர்த்தம் சொல்கிறேன் என்று போனில் அம்புக்குறி போட்டுக் காட்டுவான்களே வேலையற்ற பயல்கள், அதே மாதிரி.

“மாமா, நர்ஸ் எழுதுன நேரம் நாலு இருவது. அதுல இருந்து மூணு கிளை போவுது. ஒண்ணுல அம்மா பேரச் சொல்லி முடிக்கல. ஒண்ணுல சுவரு. ஒண்ணுல நான். மூணும் கடைசி வார்த்தைன்னு சொல்லியிருக்கீய. எந்த உலகத்துல எங்கப்பா செத்தாவ?”

நான் யாருக்கும் அஞ்சாதவன். ஒரு தடவை மேக்கரையில் கரடி வழிமறித்தபோது ஹாரன் அடித்துக்கொண்டே அதோடு பேசி அனுப்பியவன். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

“ஏட்டி, நீயும் உங்கப்பனுந்தானே சொன்னீய, உலகம் பலதுன்னு? மூணு உலகத்துலயும் மூணும் நடந்திருக்கும்.”

கோமதி தாளை மடித்தாள். “அது சீரியலு மாமா. இது எங்கப்பா.”

அதற்கு மேல் அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள். இத்தனை வருஷமாக நான் அந்தச் சீரியல்காரர்களைத் திட்டியிருக்கிறேன். அந்த ஒரு வரியில் அவள் திட்டிய திட்டு எனக்கு வரவில்லை. அவளுக்கு அந்த உலகமெல்லாம் பொய் என்று தெரிந்திருக்கிறது. எப்போதுமே தெரிந்திருக்கிறது. நான்தான் அவளை அது தெரியாத மடச்சி என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்கால ரயிலுக்கு அவளை நான்தான் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். வேறு வண்டி இல்லாததால் ஏறினாள், என்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. சாரல் கண்ணாடியில் விழ விழ வைப்பர் தேய்த்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறக்கப் போனவளை “இரு” என்றேன்.

“மூணும் பொய்யிட்டி. நான் அங்கன இல்லவே இல்ல.”

அவள் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை.

“மத்தியானம் உங்கப்பனுக்கு வலி கொறஞ்சிட்டு. போன நெஞ்சு மேல வச்சிட்டு அந்தக் கருமத்தப் பாத்துட்டு கெடந்தான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சி. சாவக் கெடக்கயிலயும் இந்தச் செம்புக்கையானாவேன்னு கேட்டேன். தொணதொணன்னு பேசிட்டேதான் இருந்தேன். அவன் காதுல மாட்டியிருந்தத ஒரு பக்கம் மட்டும் கழட்டுனான். ‘தொணதொணக்காதலே. முடியப் போவுது. போயி டீயக் குடிச்சிட்டு வா’ன்னான். நான் கோவத்துல போயிட்டேன். திரும்பி வரும்போது கட்டிலச் சுத்தி ஸ்கிரீன இழுத்து விட்டிருந்தாவ.”

மாப்ளே, நாற்பது வருஷப் பழக்கத்தில் நீ எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அது. இதை நான் ஊரில் எப்படிச் சொல்வேன்? அந்த நேரத்தில் டீக்கடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பழைய குற்றாலத்தில் வெள்ளத்தில் போன ஏழு பேரை ஒற்றைக் கையால் இழுத்துப்போட்ட கதையை டீ ஆற்றுகிறவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ரெண்டு பேர்தான். இழுத்தது நீ. நான் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். கதை அவருக்குப் பிடித்துப்போய் இன்னொரு டீ போட்டார், அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

கோமதி அழுவாள், இல்லையென்றால் என்னைக் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“மாமா, எந்த பாகம் பாத்துட்டிருந்தாவ?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே எழவு. ஒரே மூஞ்சில ரெண்டு பேரு ஒரு பாலத்து மேல நின்னுட்டு முறைச்சிட்டிருந்தானுவ. ஒருத்தனுக்குக் கையே இல்ல.”

அவள் போனை எடுத்தாள். நீ போனதிலிருந்து அந்தச் சீரியல் பக்கமே அவள் போனதில்லையாம். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு என்பதும், உள்ளே உனக்கென்று தனியாக ஒரு கட்டம் இருப்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ‘ஏட்டு’ என்று பெயர் போட்டு ஒரு மீசைப் படம். அதைத் தொட்டாள். செம்புக்கையன் மூஞ்சி வந்தது. அதற்கடியில் நீ எதுவரைக்கும் பார்த்தாய் என்று காட்டும் ஒரு சிவப்புக் கோடு, ஏறக்குறைய கடைசி வரைக்கும்.

“கடைசி ரெண்டுல, ஒம்பதாவது முழுசா பாத்திருக்காவ. பத்தாவதுல பதினோரு நிமிசம் பாக்கி.”

“அதுக்கென்னட்டி?”

“இனி பாக்கவே மாட்டேன்னு சொன்னாவ மாமா. எனக்காவத்தான் பாத்திருக்காவ. நான் பாத்த எடத்துக்கு வந்து சேரணும்னு ஒருத்தரா ஒக்காந்து பாத்திருக்காவ.”

நான் கோமதிக்குச் செய்து கொடுத்த பதிப்பில் நீ “எந் தங்கம்” என்றாய், கண்ணீர் தாரை தாரையாக வந்தது. ஒரு வருஷம் அவள் அதை வைத்துக்கொண்டு நம்பவும் முடியாமல் தூக்கிப் போடவும் முடியாமல் கிடந்தாள். இந்தச் சிவப்புக் கோட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள், முகம் தெளிந்துவிட்டது. சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அந்தச் செம்புக்கைப் பயலுக்கு என்னைவிடப் பேச்சுச் சாமர்த்தியமா? எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

“சரி, அந்தப் பதினோரு நிமிசத்த இப்ப ஓட்டு, பாத்திருவோம்” என்று விரலை நீட்டினேன். என் கையில் ஒரு அடி போட்டாள்.

“அப்பா கட்டத்துல கைய வைக்காதீய. ஓட்டுனா கோடு நகந்துரும்.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இறங்கும்போது, “தீவாளிக்கு வாரேன். என் கட்டத்துல போடுவோம். நீங்க பேசாம பாக்கணும்” என்றாள். “பேசாமலா?” என்றேன். “பேசாம” என்றாள். பெட்டியில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். என்மேல் கோபம் முழுக்கத் தீரவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அது இருக்கட்டும், நியாயமானதுதான்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடமும் சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை.

“அன்னைக்கே தெரியும்ணே. அவுக என்னைக்கு எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ? இருவத்தெட்டு வருசமா ‘ஏட்டி’தான். சாவும்போது மட்டும் செண்பகமாக்கும்? கேக்க நல்லாருந்துச்சி, விட்டுட்டேன்.”

பார்த்தாயா? இவ்வளவு பெரிய ஓட்டையை நான் கவனிக்கவே இல்லை. அண்ணாச்சியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. உன் கடைசி ஆசை என்று சுவர் எழுப்ப ஆரம்பித்துவிட்டார், இடுப்பு உயரம் வந்துவிட்டது. கோயிலுக்குச் சுவர் நல்லதுதானே? முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினோரு நிமிஷத்துக்காகத்தானே என்னை விரட்டினாய்? நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இருக்கவிட்டிருப்பாயா? பின்னால் போய் அந்தக் கட்டிலருகே உட்கார முடியுமானால் உட்கார்ந்துவிடுவேன்தான். முடியாது. முடியும் என்று காட்டுகிறவன் அயோக்கியன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

அதனால் இதை மட்டும் எழுதித் தருகிறேன். தீபாவளிக்கு உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதினோரு நிமிஷத்தையும் வாயைத் திறக்காமல் பார்ப்பேன். மறுநாள் விடிந்ததும் அருவிக்கரைக்கு வந்து நீ பார்க்காமல் போனதை உனக்குச் சொல்வேன். அந்தப் பாலத்தில் ஒருத்தன் செத்தால் செத்தான் என்று சொல்வேன், பிழைத்தால் பிழைத்தான் என்று சொல்வேன். படத்தில் இல்லாத ஒரு சொல்லை நான் சேர்க்கமாட்டேன், மாப்ளே.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றும் மச்சான்,
சுப்பையா